உஷார்! ஜெயித்துக்கொண்டிருக்கும் தம்பிக்குத்தான் சொல்கிறேன்

போக்கரில் தோற்றுக்கொண்டிருக்கும் மாணவனைப் பற்றி இங்கே அதிகம் பேசப்போவதில்லை. கையிலிருந்த காசு போயிருக்கும், அப்பா திட்டியிருப்பார், நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்துவிட்டு ஐந்தாம் நாள் வகுப்பில் போய் உட்கார்ந்துவிடுவான். கடன் வாங்கி ஆடுகிறவன் கதை வேறு, அவனிடம் பிறகு வருகிறேன். என் பயமெல்லாம் ஜெயித்துக்கொண்டிருப்பவனைப் பற்றித்தான். ஹாஸ்டல் அறையில் நாலு மாதமாக லாபம் பார்த்தவன். அட்டெண்டன்ஸ் குறைகிறது என்று நோட்டீஸ் போர்டில் பெயர் வந்தாலும் அசராதவன். லேப்டாப்பில் மேல்நோக்கிப் போகும் ஒரு கோட்டைக் காட்டி, “மாமா, கேம்பஸ்ல எடுக்கிறவன் வருஷத்துக்கு மூணரை லட்சம்தான் தர்றான். எதுக்கு நான் ஃபைனல் இயர் படிக்கணும்?” என்று கேட்கிறவன். டி.சி. வாங்கிக்கொண்டு முழுநேரமாக இறங்கிவிடலாம் என்று பாதி முடிவு செய்துவிட்டவன்.

தம்பி, உஷார்! (தங்கச்சிகளும் ஆடுகிறார்கள். ‘தம்பி’ என்பது என் பேனாவின் பழக்கதோஷம்.)

உனக்கு ஆடத் தெரியாது என்று சொல்ல வரவில்லை. நன்றாகவே தெரிந்திருக்கலாம். போக்கர் வெறும் சூதாட்டம் என்று வாதாடவும் வரவில்லை. நீதிமன்றங்களே அதை ஆளுக்கொரு விதமாகத் தீர்த்திருக்கின்றன. 2017-இல் குஜராத் உயர் நீதிமன்றம் அதை அதிர்ஷ்ட ஆட்டம் என்றது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் தமிழக அரசு சேர்த்தது செல்லாது என்றது. சரி, திறமை ஆட்டம் என்றே வைத்துக்கொள்வோம். நீ திறமைசாலி என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியே இருந்தாலும் உன் காலுக்குக் கீழே தரை இல்லை. இதைத்தான் உன் கோடு காட்டாது.

2025 ஆகஸ்ட் 20, புதன்கிழமை. ஆன்லைன் விளையாட்டு மசோதா மக்களவையில் நிறைவேறியது. வியாழக்கிழமை மாநிலங்களவை. வெள்ளிக்கிழமை குடியரசுத் தலைவரின் ஒப்புதல். மூன்றே நாள்! திறமையா அதிர்ஷ்டமா என்று இத்தனை வருடம் நடந்த பட்டிமன்றத்தையே அந்தச் சட்டம் தூக்கிக் கடாசிவிட்டது. பணம் கட்டி, பதிலுக்குப் பணம் கிடைக்கும் என்று எதிர்பார்த்து ஆன்லைனில் ஆடும் எந்த ஆட்டமானாலும் தடை. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்கிறவருக்கு 2 ஆண்டு, 50 லட்சம். அந்தப் பணத்தை வங்கிகள் கைமாற்றவும் கூடாது. ஆடுகிறவனுக்கு மட்டும் தண்டனை இல்லை. அதனால் என்ன, மேசையே போன பிறகு எங்கே போய் ஆடுவது? நேற்றுவரை சினிமா நட்சத்திரங்களை வைத்து விளம்பரம் செய்த பெரிய பெரிய ஆப்கள் எல்லாம் பண ஆட்டத்தை நிறுத்தின. சட்டத்தை எதிர்த்துப் பல உயர் நீதிமன்றங்களில் போடப்பட்ட வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன. நீதிமன்றம் என்ன சொன்னாலும் சரி, வழக்கு நடக்கும் மாதங்களில் உன் வீட்டு வாடகையை யாரும் நிறுத்திவைக்க மாட்டார்கள்.

இது திடீரென்று வானத்திலிருந்து விழுந்த இடி இல்லை. தமிழ்நாட்டில் 2021-இல் பி.இ. சேர்ந்து 2025-இல் முடித்த ஒரு மாணவனின் நாலு வருடத்தை மட்டும் எடுத்துக்கொள். 2020 நவம்பரில் வந்த தடையை 2021 ஆகஸ்ட்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பையன் முதலாண்டில் காலெடுத்து வைக்கும்போது போக்கர் ஆடலாம். 2022-இல் நீதிபதி சந்துரு குழு அறிக்கை, அக்டோபரில் மறுபடி அவசரச் சட்டம். சட்டசபை நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்ப, அதே மாதம் மறுபடி நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல். இரண்டாமாண்டு முடிவதற்குள் ஆடக் கூடாது. நவம்பரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு. மூன்றாமாண்டில் மறுபடி ஆடலாம். 2025 பிப்ரவரியில் புது விதிமுறை: ஆதார் கட்டாயம், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டம் கிடையாது. கடைசி செமஸ்டர் முடித்து வெளியே வந்த ஆகஸ்ட்டில் கடையே மூடியாயிற்று. நடுவில் எங்கேயாவது அவன் படிப்பை விட்டிருந்தால்? ஒரு தொழில் சட்டப்படி இருக்கிறதா இல்லையா என்பது செமஸ்டருக்குச் செமஸ்டர் மாறிக்கொண்டிருந்தால் அதை நம்பி யார் பெண் கொடுப்பார்கள் என்று உன் பாட்டி கேட்பார். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. வீட்டுக்காரர் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வீடு கொடுப்பாரா என்று மட்டும் கேட்கிறேன்.

அமெரிக்காவில் இதே கூத்து இதற்கு 14 வருடத்துக்கு முன்பே நடந்துவிட்டது. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமைதான், 2011 ஏப்ரல் 15. போக்கர்காரர்கள் அதைக் ‘கறுப்பு வெள்ளி’ என்பார்கள். போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், அப்சொல்யூட் போக்கர் ஆகிய பெரிய தளங்கள் மீது அரசு குற்றப்பத்திரிகை தாக்கல் செய்து, இணைய முகவரிகளைக் கைப்பற்றியது. அன்று தளத்தைத் திறந்தவர்கள் அரசு முத்திரையைத்தான் பார்த்தார்கள். கல்லூரியை விட்டுவிட்டு எட்டு மேசை, பத்து மேசை என்று ஒரே நேரத்தில் ஆடிப் பிழைத்துக்கொண்டிருந்த இளைஞர் கூட்டத்தில் சிலர் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள், சிலர் மெக்சிகோவுக்குப் போனார்கள். பலர் சத்தமில்லாமல் வேலை தேடினார்கள்.

அதைவிட மோசம் பின்னால் வந்தது. ஃபுல் டில்ட் ஆட்டக்காரர்களுக்குத் திருப்பித் தரவேண்டிய பணம் சுமார் 39 கோடி டாலர். நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் இருந்ததோ 6 கோடி டாலர் அளவில்தான். மீதி எங்கே? 40 கோடி டாலருக்கும் மேல் இயக்குநர்களுக்கும் பங்குதாரர்களுக்கும் போயிருந்ததாக அரசு வழக்கறிஞர்கள் சொன்னார்கள். இது போன்சி மோசடி என்றே குற்றம்சாட்டினார்கள். அந்த இயக்குநர்கள் யாரோ முகம் தெரியாத ஆட்கள் இல்லை. 2000-இல் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்ற கிறிஸ் ஃபெர்குசன் அதில் ஒருவர். கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர், ஆட்டக்காரர்கள் சாமியாகக் கும்பிட்டவர். அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்பி வர ஆரம்பித்தது 2014-இல். அப்சொல்யூட் போக்கரில் பணம் வைத்திருந்தவர்கள் 2017 வரை காத்திருந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் நன்றாக ஆடியவர்கள். ஸ்கிரீனில் தெரிந்த இருப்பைத் தங்கள் பணம் என்று நம்பியது ஒன்றுதான் அவர்கள் செய்தது.

சரி, இப்போது நீ எங்கே ஆடுகிறாய்? இதைத்தான் உன் அப்பா கேட்க வேண்டும். கேட்கத் தெரியாமல் இருக்கிறார்.

இந்திய ஆப்கள் மூடிய பிறகு கண்ணில் படுகிற வழிகள் இரண்டுதான். ஒன்று, எந்த நாட்டில் பதிவு என்றே தெரியாத வெளிநாட்டுத் தளம். இன்னொன்று ‘கிளப்’ ஆப். பார்க்க அது விளையாட்டுக் காசுக்கான ஆப் மாதிரிதான் இருக்கும். உள்ளே ஒரு கிளப், அதற்கு ஓர் ஏஜென்ட். டெலிகிராமிலோ வாட்ஸ்அப்பிலோ அவருக்கு மெசேஜ் போட்டால் சிப்ஸ் ஏற்றிவிடுவார், நீ ஜி-பே பண்ணுவாய். வாராவாரம் கணக்கு முடிப்பார்கள். பதிவில்லாமல் ஏலச்சீட்டு பிடிக்கிற பக்கத்துத் தெருக்காரரிடம் உன் வீட்டில் பணம் கட்டுவார்களா? இங்கே அந்தப் பக்கத்துத் தெருவும் கிடையாது, முகமும் கிடையாது. ஏஜென்ட் ஒருநாள் நம்பரை மாற்றிவிட்டால் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பாய்? பந்தய ஒப்பந்தம் செல்லாது, பந்தயத்தில் ஜெயித்ததைக் கேட்டு வழக்குப் போட முடியாது என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு. போக்கர் பந்தயம் அல்ல என்று வாதாடலாம்தான். வக்கீல் ஃபீஸ் யார் தருவது?

அடுத்ததைக் கொஞ்சம் கவனமாகப் படி. நீ ஜெயித்த பணத்தை ஏஜென்ட் தன் பெயரிலிருந்து அனுப்புவதில்லை. இந்த வாரம் ஒரு பெயர், அடுத்த வாரம் வேறு பெயர், ஒருநாள் ஏதோ வடமாநிலத்து வங்கிக் கணக்கு. அந்தக் கணக்குக்குள் எங்கேயோ ஒரு பெரியவரிடம் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டிப் பறித்த பணம் வந்திருந்தால்? அவர் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு போன் செய்து புகார் கொடுத்ததும் போலீஸ் பணம் போன பாதையைப் பின்தொடரும். வழியில் இருக்கும் கணக்குகளையெல்லாம் முடக்கச் சொல்லும். அந்த வழியில் உன் சேமிப்புக் கணக்கும் இருக்கும். உன் ஸ்காலர்ஷிப் வருகிற கணக்கும் அதுவாகவே இருக்கும். ஏதோ ஒரு ஊர் சைபர் கிரைம் போலீசுக்கு, “சார், அது போக்கர்ல ஜெயிச்ச காசு” என்று நீ விளக்கக் கடிதம் எழுத வேண்டும். ஏஜென்ட் உன் ஏ.டி.எம். கார்டையோ கணக்கையோ ‘கொஞ்ச நாளைக்கு’ வாடகைக்குக் கேட்டால் அந்த நிமிடமே வெளியே வா. நீ அதன் பிறகு ஆட்டக்காரனே இல்லை, மோசடிப் பணத்துக்குக் குழாய். வழக்கும் உன் மேல்தான்.

இப்படிப்பட்ட கிளப்புகளில் சீட்டை யார் கலைக்கிறார்கள், மேசையில் இருக்கும் நாலு பேர் பக்கத்து அறையில் ஒன்றாக உட்கார்ந்து ஆடுகிறார்களா என்று பார்ப்பதற்கும் ஆள் கிடையாது. பெரிய தளத்திலேயே அந்த அக்கிரமம் நடந்தது. 2007-இல் அப்சொல்யூட் போக்கரில் ஒரு கணக்கு மற்றவர்கள் கையிலிருந்த சீட்டைப் பார்த்தே ஆடிக்கொண்டிருந்தது. கண்டுபிடித்தது நிறுவனம் இல்லை. தோற்றுப்போய்ச் சந்தேகப்பட்ட ஆட்டக்காரர்கள் தாங்களே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார்கள்.

இனி உன் கோட்டுக்கு வருவோம்.

நாலு மாதம் ஜெயித்திருக்கிறாய். எத்தனை கை? இரவு ஒன்றரை மணி நேரம், ஒரு மேசை, மணிக்கு 70 கை என்றால் நாலு மாதத்தில் 12,600. மாடல் எக்ஸாம், ஊருக்குப் போன நாள் எல்லாம் கழித்தால் ஒரு 10,000 என்று வைத்துக்கொள். நோ-லிமிட் ஹோல்டெம் போக்கரில் 100 கைக்கு ஏறத்தாழ 90 பிக் பிளைண்ட் (சீட்டு பார்க்கும் முன்பே கட்ட வேண்டிய கட்டாயத் தொகை, அதுதான் அளவுகோல்) ஏற்ற இறக்கம் இருக்கும். இது திட்ட விலக்கம். ஸ்டாண்டர்ட் டீவியேஷன் என்று உனக்குப் பாடம் நடத்தியிருப்பார்கள், நீ அன்றைக்கு வகுப்பில் இருந்திருந்தால். 10,000 கைக்கு அது 900 பிக் பிளைண்ட் ஆகும். இப்போது மூன்று விதமான ஆட்களை உட்கார வை.

நிஜமாகவே நல்ல ஆட்டக்காரன், 100 கைக்கு 5 பிக் பிளைண்ட் சம்பாதிக்கிறவன். 10,000 கை முடிவில் அவனுக்குச் சராசரியாக 500 வர வேண்டும். ஆனால் அப்படிப்பட்ட 100 பேரில் 29 பேர் அந்தக் கட்டத்தில் நஷ்டத்தில் நிற்பார்கள். அடுத்தவன் லாபமும் இல்லாத நஷ்டமும் இல்லாத சாதாரண ஆள். அப்படி 100 பேர் ஆடினால் 29 பேர் 500-க்கு மேல் லாபத்தில் இருப்பார்கள். மூன்றாமவன் தோற்கிற ஆட்டக்காரன், 100 கைக்கு 3 விடுகிறவன். அவர்களிலும் 100-க்கு 37 பேர் 10,000 கை முடிவில் லாபம் காட்டுவார்கள்! இந்த மூன்று பேர் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று உன்னால் சொல்ல முடியாது. உன்னுடையது எது என்றும் சொல்ல முடியாது. கையில் இரண்டு ஏஸ் வைத்துக்கொண்டு, இரண்டு கிங் வைத்திருப்பவனிடம் எல்லாப் பணத்தையும் தள்ளினால்கூட ஐந்தாறு தடவைக்கு ஒருதடவை தோற்பாய். அது ஒரு நாளா, வரிசையாக ஒரு வாரமா என்பது சீட்டுக்கு மட்டுமே தெரியும்.

ஒரு லட்சம் கை ஆடினால் கொஞ்சம் தெளியும். 5 சம்பாதிக்கிறவர்களில் 100-க்கு 4 பேர்தான் அப்போதும் நஷ்டத்தில் இருப்பார்கள். ஆனால் 100 கைக்கு 2 மட்டும் சம்பாதிக்கிறவன் (போட்டி கூடக்கூட அநேகர் வந்து நிற்கிற இடம் இதுதான்) ஒரு லட்சம் கைக்குப் பிறகும் நஷ்டத்தில் இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. நேரில் உட்கார்ந்து ஆடினால் மணிக்கு 30 கைதான் நகரும். ஒரு லட்சம் கைக்கு 3,333 மணி நேரம். தினம் 8 மணி நேரம் ஆடினாலும் பொங்கல், தீபாவளி லீவு இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல். நீ திறமைசாலியா என்று தெரிந்துகொள்ளவே அவ்வளவு நாள் ஆகும், தம்பி. அதற்குள் டி.சி. வாங்கியாகிவிட்டது.

ரூபாய்க் கணக்கையும் பார்த்துவிடலாம். ஐந்துக்குப் பத்து ரூபாய் மேசை, பிக் பிளைண்ட் 10 ரூபாய். நீ அந்த அருமையான 5 பிக் பிளைண்ட் ஆள் என்றே வைத்துக்கொள். 100 கைக்கு 50 ரூபாய். நாலு மேசை ஒன்றாகத் திறந்தால் மணிக்கு 280 கை, 140 ரூபாய். தினம் ஆறு மணி நேரம், மாதம் 25 நாள் ஆடினால் 21,000 ரூபாய். சட்டப்படி நடந்த காலத்திலேயே ஆன்லைன் ஆட்டத்தில் ஜெயித்த நிகரத் தொகைக்கு 30 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீதம் செஸ். அடிப்படை வரிவிலக்கு வரம்பெல்லாம் இதற்குக் கிடையாது. மிச்சம் 14,448 ரூபாய். 2023 அக்டோபரிலிருந்து கட்டும் பணத்துக்கே 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் வந்தது, கொஞ்ச காலம் ஆப்கள் அதை போனஸ் என்ற பெயரில் திருப்பிக் கொடுத்துச் சமாளித்தன. இந்த 14,448-இல் பி.எஃப். இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை, காய்ச்சல் வந்தால் சம்பளமும் இல்லை. பெரிய மேசைக்குப் போனால் அதிகம் வரும் என்பாய். அங்கே உன்னைவிடப் பெரிய ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். உன் 5 அங்கே 2 ஆகும், சில நாள் கழித்து மைனஸ் ஆகும்.

“ஆன்லைன் வேண்டாம் மாமா, கோவா போய்டுவேன்.” போகலாம். பணஜியில் மாண்டோவி ஆற்றில் மிதக்கும் கேசினோக்களில் ஆட 21 வயது ஆகியிருக்க வேண்டும். மூன்றாமாண்டுக்காரன் அநேகமாக வாசலிலேயே நிற்பான். நேரில் ஆடும் சீட்டாட்ட வெற்றிக்கு வரி இன்னும் கொடூரம். ஜெயித்த தொகைக்கு 30 சதவீதம் உண்டு, தோற்றதைக் கழிக்க விடமாட்டார்கள், பஸ் டிக்கெட், ரூம் வாடகை எதுவும் செலவில் சேராது. ஒரு வருடத்தில் 10 லட்சம் ஜெயித்து 8 லட்சம் தோற்றால் கையில் நிற்பது 2 லட்சம். அந்த 10 லட்சத்துக்குச் சட்டம் கேட்கும் வரி 3 லட்சத்துக்கு மேல். ஆடிட்டரிடம் கேட்டுப் பார், சிரிப்பார்.

இதற்கெல்லாம் உன்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: ஜெயித்தவர்களின் பெயர்ப் பட்டியல். நானும் சில பெயர் சொல்கிறேன். இந்த மோகத்துக்கே பிள்ளையார் சுழி போட்டவர் கிறிஸ் மணிமேக்கர். 2003-இல் 86 டாலர் ஆன்லைன் போட்டி வழியாக உலகத் தொடருக்குள் நுழைந்து, 839 பேர் ஆடிய முதன்மைப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். மூன்றே வருடத்தில் அதே போட்டிக்கு 8,773 பேர் வந்தார்கள். மணிமேக்கர் கல்லூரியை விட்டவர் இல்லை. படித்து முடித்து அக்கவுண்டன்டாக வேலையில் இருந்தவர். வனெசா செல்ப்ஸ்ட்டைப் பார். உலகத் தொடரில் மூன்று பட்டம், போட்டிகளில் 1.1 கோடி டாலருக்கும் மேல். நடுவிலேயே யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து முடித்தார். போக்கர் உலகம் மாறுகிறது என்று தெரிந்ததும் ஒரு பெரிய முதலீட்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து முழுநேர ஆட்டத்தை விட்டுவிட்டார். எழுந்து போக ஒரு கதவு திறந்திருந்தது. ஸ்டூ அங்கர் பெயர் உனக்குத் தெரிந்திருக்கும். 1980, 1981, 1997 என்று மூன்று முறை உலகச் சாம்பியன். ரம்மி வகை ஆட்டங்களில் அவருடன் உட்காரவே ஆட்கள் பயந்தார்கள். படிப்பும் இல்லை, வேறு தொழிலும் இல்லை. கடைசிப் பட்டம் வென்ற மறுவருடமே லாஸ் வேகஸில் ஒரு மலிவு விடுதி அறையில் 45 வயதில் இறந்தார். அடக்கச் செலவுக்கு நண்பர்கள் வசூல் செய்தார்கள். போதைப் பழக்கமும் அவரை அழித்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அவரைவிடத் திறமைசாலி என்று உன்னை நீ சொல்லிக்கொள்ள மாட்டாய் அல்லவா?

போட்டிகளில் யார் எவ்வளவு ஜெயித்தார்கள் என்ற பட்டியலைப் பார்த்து மயங்காதே. அதில் பரிசுத்தொகை மட்டும்தான் இருக்கும். கட்டிய நுழைவுக் கட்டணம் இருக்காது. கோடி ரூபாய் ஜெயித்ததாகப் பட்டியலில் வருகிறவர் ஒன்றரைக் கோடி கட்டியிருக்கலாம். “கோழிக்கோடு ஐ.ஐ.எம்.ல போக்கர் பாடமே இருக்கு” என்று அடுத்ததாக எடுத்துவிடுவாய். இருந்தது, உண்மைதான். அந்தப் பாடத்தில் உட்கார்ந்தவர்கள் எம்.பி.ஏ. முடிக்கப்போகிறவர்கள்.

கம்ப்யூட்டரே போக்கர் ஆடும் விஷயத்தை நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை, நீயே படித்திருப்பாய். 2019-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து உருவாக்கிய ப்ளூரிபஸ், ஆறு பேர் ஆடும் மேசையில் தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்களைத் தோற்கடித்தது. அதைப் பயிற்றுவிக்க ஆன கணினிச் செலவு 150 டாலருக்கும் கீழே. இரவு இரண்டு மணிக்கு உன் எதிரே உட்கார்ந்திருப்பது மனுஷன்தான் என்று உனக்கு யார் சத்தியம் செய்து கொடுத்தது?

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது ‘ஸ்டேக்கிங்’ என்ற ஏற்பாட்டுக்கு. படிப்பை விட்டு வந்தவனிடம் பெரிய முதல் இருக்காது. இருப்பதும் வாடகைக்கும் மெஸ்ஸுக்கும் கரையும். அப்போது ஒரு ‘அண்ணா’ வருவார். “பணம் நான் போடறேன், ஆட்டம் நீ ஆடு, லாபத்துல பாதிப் பாதி” என்பார். கேட்க நன்றாக இருக்கும். நீ தோற்றால் அந்தத் தொகை ‘மேக்கப்’ என்று உன் பெயரில் ஏறும். அடுத்து ஜெயிப்பதெல்லாம் முதலில் அந்தப் பள்ளத்தை மூடத்தான் போகும், மூடிய பிறகுதான் உனக்குப் பங்கு. இரண்டு லட்சம் மேக்கப்பில் இருக்கும் பையன் மூன்று மாதம் தினம் பத்து மணி நேரம் ஆடி, நன்றாகவும் ஆடி, ஒரு ரூபாய் பார்க்காமல் இருப்பான். விட்டுவிட்டுப் போகவும் முடியாது, அண்ணா விடமாட்டார். எழுத்தில் ஒப்பந்தம் இருக்காது, மிரட்டல் மட்டும் இருக்கும். சொந்தத் தொழில் என்று கிளம்பியவன் கடைசியில் சம்பளமில்லாத வேலையாளாக உட்கார்ந்திருப்பான்.

முன்பே சொன்னேனே, கடன் வாங்கி ஆடுகிறவன் என்று. அவனுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். லோன் ஆப்பில் வாங்கியிருந்தாலும், நண்பனிடம் வாங்கியிருந்தாலும், செமஸ்டர் ஃபீஸை எடுத்து ஆடியிருந்தாலும் இன்று இரவே வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடு. அப்பா வேண்டாம் என்றால் அக்கா, சித்தப்பா, யாராவது. மனது இருண்டுபோய் யாரிடமும் பேச முடியவில்லை என்றால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். இழந்ததை ஆடியே எடுத்துவிடலாம் என்று மட்டும் மறுபடி உட்காராதே!

மற்றவனுக்கு, அந்த ஜெயிக்கிறவனுக்கு, இன்னும் ஒரு விஷயம் பாக்கி. இவ்வளவு சொல்லியும் நீ போகத்தான் போகிறாய் என்றால் டி.சி. வாங்காதே. அண்ணா பல்கலைக்கழக பி.இ. விதிமுறையில் ‘பிரேக் ஆஃப் ஸ்டடி’ என்று ஒன்று இருக்கிறது. தக்க காரணம் காட்டி முறைப்படி விண்ணப்பித்து அனுமதி வாங்கினால் ஒரு வருடம் வரை இடைவெளி எடுத்துவிட்டுத் திரும்பி வந்து சேரலாம். நாலு வருடப் படிப்பை 7 வருடத்துக்குள் முடிக்கவும் இடம் உண்டு. வேறு பல்கலைக்கழகம் என்றால் அலுவலகத்தில் போய் விதியைக் கேள். ஆபீஸ் ரூம் அண்ணாவுக்கு எல்லாம் தெரியும். சொல்லாமல் நின்று, அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போய், பரீட்சை எழுத விடாமல் தடுத்து, அரியர் குவிந்து, அதன் பிறகு போய் நின்றால் யாராலும் உதவ முடியாது. கல்விக் கடன் இருந்தால் வங்கி மேலாளரையும் பார்த்துவிடு. வழக்கமாகப் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்று இருக்கும். படிப்பை நடுவில் விட்டால் அந்தக் கணக்கே மாறும். கடனில் அப்பாவின் கையெழுத்தும் இருக்கிறது.

ஏஜென்ட்டிடமோ ஆப்பிலோ இருப்பு இருந்தால், இந்த வரியைப் படித்து முடித்ததும் முழுத்தொகையையும் எடுக்கக் கேள். ‘அடுத்த வாரம்’ என்று பதில் வந்தால் இனி ஒரு ரூபாயும் அனுப்பாதே, பேசியதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள். அப்புறம், அடுத்த செமஸ்டர் தேர்வுக்கு ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி என்றைக்கு என்று நோட்டீஸ் போர்டில் போட்டிருப்பார்கள். அதன் பிறகு கட்டினால் அபராதம் சேரும்.